எஃப்எஃப்எம்பெக்கின் முன்னேற்ற வரியை வடிகட்டினால் திரை ஏன் மௌனமாகிறது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பழைய மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகளில் இருக்கும் கல்யாணப் பதிவுகளையும், சித்தூர்க் கொங்கன் படைத் திருவிழாப் பதிவுகளையும் அவர் லினக்ஸ் கணினியில் இறக்கி, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரல் மூலம் எச்.264 வகை வீடியோ கோப்புகளாக மாற்றி வருகிறார். மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போது, கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் நகரும் நீண்ட வரியிலிருந்து நேரத்தை மட்டும் பிரித்து, முன்மேசைத் திரையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். வெளியீட்டை, பொருந்தும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் கிரெப் நிரலுக்கு அனுப்பியபோது எதுவும் வடிகட்டப்படாமல் முழு வரியும் முன்போலவே ஓடியது. யாரோ சொன்னதன்படி 2>&1 என்பதைச் சேர்த்ததும் திரை வெறுமையானது; முக்கால் மணி நேரம் கழித்து வேலை முடிந்த பிறகு ஆயிரக்கணக்கான நேரங்கள் ஒரே மூச்சில் வந்து கொட்டின. கிரெப்பில் என்ன தவறு என்று அவர் கேட்கிறார். அவர் உண்மையில் அறிய விரும்புவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் வெளியீட்டை அது ஓடும்போதே படிப்பது எப்படி என்பதுதான் என நான் புரிந்துகொள்கிறேன். கிரெப்பின் மேல் தவறில்லை.

பாலக்காடு எல்லைப் பகுதியில் ஒரு கேபிள் சேனலின் ஒளிபரப்புக் கணினிகளை நான் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இரவில் ஆளில்லாமல் ஓடும் மாற்ற வேலைகளைக் கண்காணிப்பது அந்தப் பொறுப்பில் ஒரு பகுதி என்பதால், இந்தச் சிக்கலின் ஒவ்வொரு மடிப்பையும் கையாண்டிருக்கிறேன். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்; நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியே சொல்கிறேன்.

உங்கள் முதல் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஒரு நிரலுக்கு இரண்டு வெளியேறும் வழிகள் உண்டு: 1 என்ற எண்ணுடைய ஸ்டாண்டர்ட் அவுட்புட், 2 என்ற எண்ணுடைய ஸ்டாண்டர்ட் எரர். எஃப்எஃப்எம்பெக் தன் செய்திகள் அனைத்தையும், பிழையோ முன்னேற்றமோ எதுவானாலும், இரண்டாம் வழியில்தான் அனுப்புகிறது. மாற்றப்பட்ட வீடியோவையே முதல் வழியாக வேறொரு நிரலுக்கு நேரடியாகச் செலுத்தும் வசதி அதில் இருப்பதால், அந்தப் பாதையில் ஓர் எழுத்துகூடக் கலந்துவிடக் கூடாது. இரண்டு நிரல்களை இணைக்கும் | என்ற பைப் குறியோ முதல் வழியை மட்டுமே அடுத்த நிரலுக்குக் கொண்டுசெல்லும். ஆகவே கிரெப்புக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. நீங்கள் கண்ட வரி கிரெப்பைத் தொடாமல் நேராகத் திரைக்கு வந்தது. பைப் குறிக்கு முன்னால் 2>&1 சேர்த்தால் இரண்டாம் வழியும் முதல் வழியோடு இணைந்துவிடும். உங்களுக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. முன்னேற்ற வரி ஒரே இடத்தில் நின்றபடி மாறுவதுபோல் தெரிகிறதல்லவா? ஒவ்வொரு முறையும் வரியை எழுதி முடித்ததும், புதிய வரியைத் தொடங்கும் 10-ஆம் எண் குறியை எஃப்எஃப்எம்பெக் அனுப்புவதில்லை. அதற்குப் பதிலாக, அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும் 13-ஆம் எண் குறியை, அதாவது கேரேஜ் ரிட்டர்னை அனுப்புகிறது. அடுத்த செய்தி பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. கிரெப் 10-ஆம் குறியை மட்டுமே வரியின் முடிவாக ஏற்கும். ஒரு மணி நேரப் பதிவு முழுவதற்குமான முன்னேற்றச் செய்திகள் அதன் கணக்கில் இன்னும் முடியாத ஒரே வரி. வேலை முடிந்து உண்மையான வரிமுடிவு வரும்வரை அது காத்திருக்கிறது; வந்ததும் அந்த நீண்ட வரிக்குள் பொருந்தியவை அனைத்தையும் ஒருசேரக் கொட்டுகிறது. நீங்கள் பொருந்திய பகுதியை மட்டும் அச்சிடும் -ஓ தெரிவைக் கொடுத்திருந்ததால்தான் அவ்வளவும் கண்ணில் பட்டன. அது இல்லாதிருந்தால் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசித் துணுக்கு மட்டுமே திரையில் எஞ்சியிருக்கும்.

எனவே கிரெப்புக்கு முன்னால் ஒரு குறியை இன்னொன்றாக மாற்றும் நிரல் தேவை. டிஆர் அதைச் செய்யும். டிஆர் '\015' '\012' என்று எட்டடிமான எண்களில் கொடுத்தால் 13-ஆம் குறி 10-ஆம் குறியாக மாறிவிடும். பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்கிறார்கள், ஏனெனில் இதைச் சேர்த்த பிறகும் வெளியீடு விட்டுவிட்டுத்தான் வரும். இது மூன்றாவது காரணம், எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுவே. சி மொழி நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்ட பெரும்பாலான நிரல்கள், தங்கள் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா வேறெங்காவது போகிறதா என்று பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. டெர்மினலுக்கு என்றால் ஒவ்வொரு வரியையும் உடனே விடும். பைப்புக்கோ கோப்புக்கோ என்றால் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்த்துவைத்து, நிறைந்த பிறகே விடும். மாவு மில்லில் ஒவ்வொரு படியையும் உடனே கொடுத்துவிடாமல் மூட்டை நிறைந்த பிறகு இறக்கிவைப்பது போன்றது இது. லினக்ஸில் பைப்புக்கான இந்தப் பஃபர் வழக்கமாக 4096 பைட்.

கணக்குப் போட்டால் நீங்கள் காணப்போவது முன்கூட்டியே விளங்கும். முன்னேற்ற வரி ஏறத்தாழ 90 பைட் நீளமுள்ளது. அரை நொடிக்கு ஒன்று வருகிறது. டிஆரின் பஃபர் நிறைய சுமார் 45 வரிகள் வேண்டும், அதாவது 22 நொடிக்கு மேல். இது திரையில் தயக்கமாகத் தெரியும், ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து, கிரெப்பின் வெளியீட்டையும் இன்னொரு நிரலுக்கோ கோப்புக்கோ அனுப்பினால் நிலைமை மோசமாகிறது. டைம்=00:01:15.00 என்ற துணுக்கு, வரிமுடிவோடு சேர்த்து 17 பைட்தான். 4096 பைட் நிறைய 240 துணுக்குகள் தேவை. இரண்டு நிமிடம் முழு மௌனம், பிறகு 240 வரிகள் ஒரே தாவலில். எஃப்எஃப்எம்பெக் தாமதிக்கவில்லை, ஸ்டாண்டர்ட் எரர் பஃபரில் தங்காமல் உடனுக்குடன் வெளியேறும் வழி. தாமதம் நீங்கள் இடையில் வைத்த வடிகட்டிகளில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வடிகட்டிக்கும் இதற்கான மருந்து தனித்தனியே உண்டு. கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட், வரிகளைத் திருத்தும் ஜிஎன்யு செட் (sed) நிரலுக்கு -யு, வரிகளைப் பகுத்து அச்சிடும் ஆக் (awk) நிரலில் ஒவ்வொரு அச்சிடலுக்குப் பின்னும் எஃப்ஃப்ளஷ். டிஆருக்கு அப்படி எந்தத் தெரிவும் இல்லாததால் அதன் முன்னால், பிற நிரல்களின் பஃபர் முறையை மாற்றும் எஸ்டிடிபஃப் என்ற நிரலை -ஓஎல் தெரிவோடு வைக்க வேண்டும். அதில் ஓ சிறிய எழுத்து, எல் பெரிய எழுத்து. எஸ்டிடிபஃப் எல்லா நிரல்களிலும் வேலை செய்யாது. சி நூலகத்தை நிரல் ஓடும் நேரத்தில் இணைத்துக்கொண்டு, தன் பஃபரைத் தானே அமைத்துக்கொள்ளாத நிரல்களிடம் மட்டுமே அது பலிக்கும். ஆக் பயன்படுத்துவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: உபுண்டுவில் இயல்பாகக் கிடைக்கும் மாக் என்ற வகை, உள்ளே வருவதையும் பஃபரில் சேர்த்தே படிப்பதால், எஃப்ஃப்ளஷ் மட்டும் போதாது, -டபிள்யு இன்டராக்டிவ் என்ற தெரிவும் வேண்டும், அதில் டபிள்யு பெரிய எழுத்து.

இவ்வளவையும் சேர்த்துக் கட்டினால் நீங்கள் கேட்டது நடக்கும். ஆனாலும் அன்றாட வேலைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வரி மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. பதிப்புக்குப் பதிப்பு அதன் வடிவம் மாறலாம், மாறியும் இருக்கிறது. பழைய பதிப்புகளில் அளவுக்குப் பின்னால் கேபி என்றிருந்தது, புதியவற்றில் கேஐபி என்றாகிவிட்டது. சம அடையாளத்துக்குப் பின் சில எண்களுக்கு முன்னால் இடைவெளி வரும், சிலவற்றுக்கு வராது. நேரம் இன்னும் தெரியாத தொடக்கக் கணத்தில் பழைய பதிப்புகள் -577014:32:22.77 என்ற பொருளற்ற நேரத்தைக் காட்டும். அதை வாடிக்கையாளர் திரையில் பார்த்தால் உங்களுக்கு விளக்கம் சொல்லி மாளாது.

நிரல்கள் படிப்பதற்கென்றே எஃப்எஃப்எம்பெக்கில் தனி வாசல் ஒன்று இருக்கிறது. -ப்ரோக்ரஸ் பைப்:1 -நோஸ்டாட்ஸ் என்று கட்டளையில் சேர்த்தால், முன்னேற்றம் முதல் வழியாகவே, ஒரு வரிக்கு ஒரு செய்தியாக, பெயர்=மதிப்பு என்ற வடிவில், முறையான வரிமுடிவோடு வரும்; நகரும் வரி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஃப்ரேம், எஃப்பிஎஸ், பிட்ரேட், டோட்டல்_சைஸ், அவுட்_டைம்_யுஎஸ், அவுட்_டைம், ஸ்பீட் முதலிய வரிகள் ஒரு தொகுதியாக வந்து, ப்ரோக்ரஸ்=கன்டினியூ என்ற வரியோடு அந்தத் தொகுதி முடியும்; கடைசித் தொகுதியில் மட்டும் அது ப்ரோக்ரஸ்=எண்ட் ஆகும். தொகுதி முடிந்ததும் எஃப்எஃப்எம்பெக் பஃபரைத் தானே காலி செய்து அனுப்பிவிடுகிறது. மறுமுனையில், நாம் தட்டும் கட்டளைகளை இயக்கும் பேஷ் ஷெல்லின் ரீட் கட்டளை பைப்பிலிருந்து பைட் பைட்டாகப் படிப்பதால் அங்கும் தேக்கமில்லை. கிரெப், டிஆர், எஸ்டிடிபஃப் ஆகிய மூன்றுமே தேவையற்றுப் போகின்றன. 2>&1 என்பதையும் எடுத்துவிடுங்கள்; பிழைச் செய்திகள் இரண்டாம் வழியிலேயே இருக்கட்டும், அவற்றை 2> கொடுத்துத் தனிக் கோப்பில் சேமியுங்கள். அரை நொடிக்கு ஒரு தொகுதி அதிகம் என்று பட்டால், 4.4 பதிப்பிலிருந்து கிடைக்கும் -ஸ்டாட்ஸ்_பீரியட் தெரிவில் 5 என்று கொடுத்தால் ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும்.

படிக்கும் முறை எளிது. வொய்ல் ரீட் சுழற்சியில் சம அடையாளத்தைப் பிரிப்பானாக வைத்துப் பெயரையும் மதிப்பையும் இரண்டு மாறிகளில் வாங்குங்கள். அவுட்_டைம்_யுஎஸ் வந்தால் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ரோக்ரஸ் வரி வரும்போது மட்டும் திரையில் எழுதுங்கள். அவுட்_டைம்_யுஎஸ் என்பது மைக்ரோ நொடிக் கணக்கு. அதன் அருகிலேயே அவுட்_டைம்_எம்எஸ் என்ற வரியும் வரும். பெயரைப் பார்த்து மில்லி நொடி என்று எண்ணிவிடாதீர்கள், அதிலும் மைக்ரோ நொடிதான் இருக்கிறது. தொடக்கத்தில் மதிப்பு என்/ஏ என்று வரக்கூடும். அதை அப்படியே பேஷ் கணக்கில் நுழைத்தால், ஷெல் அதை என் என்ற மாறியை ஏ என்ற மாறியால் வகுப்பதாக எடுத்துக்கொண்டு, பூச்சியத்தால் வகுத்தல் என்ற பிழையைக் காட்டும். மதிப்பு முழுவதும் இலக்கங்கள்தானா என்று பார்த்த பிறகே கணக்கிடுங்கள்.

சதவீதத்துக்கு மொத்த நீளம் வேண்டும். கோப்பின் விவரங்களைச் சொல்லும் எஃப்எஃப்ப்ரோப் நிரலிடம் -ஷோ_என்ட்ரீஸ் ஃபார்மேட்=டியூரேஷன் என்று கேட்டால் நொடிக் கணக்கில் கிடைக்கும். உங்கள் மூலக் கோப்புகள் .டிவி வடிவில் இருப்பதால் ஒரு நல்வாய்ப்பு உண்டு: நம் நாட்டின் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையிலான டிவி பதிவில் ஒவ்வொரு ஃப்ரேமும் மிகச்சரியாக 1,44,000 பைட், நொடிக்கு 25 ஃப்ரேம். ஆகவே ஒரு நொடி என்பது 36,00,000 பைட். ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கோப்பின் அளவை 36 லட்சத்தால் வகுத்தாலே நீளம் கிடைத்துவிடும். எஃப்எஃப்ப்ரோப் சொல்வதைச் சரிபார்க்க இது உதவும். எடுத்துக்காட்டாக, நீளம் 3600 நொடி, அவுட்_டைம்_யுஎஸ் 1500000000 என்று வைத்துக்கொள்வோம். 25 நிமிடம் முடிந்திருக்கிறது. பேஷ் தசமம் அறியாதது. எனவே நீளத்தின் புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டு, 10000-ஆல் பெருக்கி 36000000 ஆக்கி, மைக்ரோ நொடியை அதனால் வகுங்கள். 41 சதவீதம் என்று வரும்.

ஃப்ரேம் எண்ணிக்கையை வைத்துச் சதவீதம் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். கேசட் பதிவு, ஒவ்வொரு ஃப்ரேமும் ஃபீல்ட் எனப்படும் இரண்டு பாதிகளாக அமையும் இன்டர்லேஸ் முறையில் உள்ளதால், அவற்றை முழு ஃப்ரேம்களாக்கும் யாடிஃப் வடிகட்டியை நீங்கள் பயன்படுத்தக்கூடும். அதை 1 என்ற நிலையில் வைத்தால் ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு ஃப்ரேமாகி, நொடிக்கு 50 ஃப்ரேம் வெளிவரும். 90,000 ஃப்ரேம் கொண்ட மூலத்துக்கு 1,80,000 ஃப்ரேம் உருவாகி, உங்கள் கணக்கு 200 சதவீதத்தில் போய் நிற்கும். நேரம் அப்படி மாறாது. பதிவின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி மாற்றும்போது வகுக்கும் எண்ணாக அந்தப் பகுதியின் நீளத்தையே கொள்ள வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. எல்லாக் கோப்புகளுக்கும் நீளம் இப்படி உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒளிபரப்பில் பயன்படும் டிஎஸ் வகைக் கோப்புகளில் சில வேளைகளில் எஃப்எஃப்ப்ரோப் பிட்ரேட்டிலிருந்து மதிப்பிட்டே நீளத்தைச் சொல்லும், அது பிசகலாம். பிரவுசரில் பதிவான வெப்எம் கோப்புகளில் நீளம் எழுதப்படாமலே இருப்பதுண்டு. அத்தகைய கோப்புகளுக்குச் சதவீதத்தைத் தவிர்த்து, முடிந்த நேரத்தை மட்டும் காட்டுவதே நேர்மையானது.

வாடிக்கையாளர் கேட்கப்போவது இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான். இதற்கு மதிப்பீடு மட்டுமே தர முடியும். மீதியுள்ள 2100 நொடியை ஸ்பீட் மதிப்பான 2.48-ஆல் வகுத்தால் 847 நொடி, அதாவது 14 நிமிடம். ஆனால் அந்த ஸ்பீட் இந்தக் கணத்து வேகத்தைச் சொல்வதில்லை. தொடக்கத்திலிருந்து இதுவரையான சராசரி அது. மண்டபத்தில் அசையாமல் எடுத்த காட்சிகள் விரைந்து முடியும். கொங்கன் படையில் தீவட்டியும் வெடியும் கூட்டமும் நிறைந்த காட்சிகளில் என்கோடர் தடுமாறும். சராசரியோ மெதுவாகத்தான் இறங்கும். இப்போதைய வேகம் வேண்டுமானால், அடுத்தடுத்த இரண்டு தொகுதிகளின் நேர வேறுபாட்டைக் கடிகார வேறுபாட்டால் வகுத்து நீங்களே கணக்கிட வேண்டும். என் திரைகளில் நான் நிமிடத்தை மட்டும், அதுவும் மேல்நோக்கி முழுமையாக்கிக் காட்டுகிறேன். நொடிக் கணக்கு காட்டினால் அது முன்னும் பின்னும் தாவி நம்பிக்கையைக் கெடுக்கும்.

பல கேசட்டுகளை வரிசையாக மாற்றும்போது இன்னொரு இடர் காத்திருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகையையும் கவனித்துக்கொண்டிருக்கும்; க்யூ அழுத்தினால் நின்றுவிடுவது அதனால்தான். கோப்புப் பெயர்ப் பட்டியலை வொய்ல் ரீட் சுழற்சிக்குள் கொடுத்து உள்ளே எஃப்எஃப்எம்பெக்கை ஓடவிட்டால், அந்தப் பட்டியலையே விசைப்பலகை உள்ளீடாக எண்ணி அது விழுங்கும். அடுத்த கோப்பின் பெயரில் முதல் சில எழுத்துகள் காணாமல்போய், அப்படியொரு கோப்பே இல்லை என்ற பிழை வரும். தமிழிலும் மலையாளத்திலும் பெயரிட்ட கோப்புகள் என்றால் பலர் எழுத்துருவையோ யூனிகோடையோ குறைசொல்லித் தேடிக்கொண்டிருப்பார்கள். -நோஸ்டிடின் என்ற தெரிவைச் சேர்த்தால் இது முற்றிலும் நீங்கும். பின்னணியில் ஓடவிடும்போதும் அது அவசியம். பெயர்களில் இடைவெளி இருக்கும் என்பதால் மாறிகளை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் இடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்தக் கேசட்டுகள் பிறர் வீட்டு நினைவுகள். ப்ரோக்ரஸ்=எண்ட் என்ற வரி வேலை நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது; சரியாக முடிந்தது என்று சொல்வதில்லை. பாதியில் க்யூ அழுத்தி நிறுத்தினாலும் அதே வரி வரும், எஃப்எஃப்எம்பெக் வெற்றி என்ற குறியோடே வெளியேறும். மேலும், பைப் வைத்த கட்டளையில் ஷெல் கடைசி நிரலின் முடிவைத்தான் மொத்த முடிவாக எடுத்துக்கொள்ளும்; டிஸ்க் நிறைந்து எஃப்எஃப்எம்பெக் விழுந்திருந்தாலும் உங்கள் வொய்ல் சுழற்சி வெற்றியென்று சொல்லும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட் (set) -ஓ பைப்ஃபெயில் என்று எழுதுங்கள்; இடையில் எந்த நிரல் விழுந்தாலும் மொத்த முடிவு தோல்வியாகும். அதன் பிறகும் 13 ஜிபி மூலத்தை அழிப்பதற்கு முன், புதிய கோப்பின் நீளத்தை எஃப்எஃப்ப்ரோப்பிடம் கேட்டு மூலத்தின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நொடிக்கு மேல் வேறுபட்டால் அழிக்கக் கூடாது. கேசட்டில் நாடா பழுதாகிக் கட்டம் கட்டமாகச் சிதைந்த இடங்களை இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்காது. அவற்றைப் பற்றிய எச்சரிக்கைகள் 2> கொடுத்துச் சேமித்த கோப்பில் இருக்கும். அதைப் படித்து, சிதைவு எங்கே வருகிறது என்று வீடியோவில் பார்த்து, தேவைப்பட்டால் கேசட்டைச் சுத்தமான ஹெட்டில் மறுபடியும் ஓட்டி இறக்கிக்கொள்ளுங்கள்.